நடுக்குளத்தில் ஊதிய விசில்

கொல்லிமலையில் ஒரு விடுதியின் குளம். நடுக்குளத்தில் எங்கள் மிதிபடகின் பெடல் கழன்று தொங்குகிறது. காலடியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. மனைவிக்கு நீச்சல் தெரியாது, எனக்கும் தெரியாது. உயிர்காப்பு ஜாக்கெட்டில் கட்டியிருக்கும் விசிலை எடுத்து, மூச்சைப் பிடித்து ஊதுகிறேன். ஆபத்தென்றால் ஊதச் சொல்லித்தான் படகுக்காரர் எங்களை அனுப்பினார்.

அவர் கரையில் முதுகைக் காட்டி நின்று போன் பேசுகிறார். திரும்பவே இல்லை. மறுபடியும் ஊதுகிறேன். மேட்டு மரவள்ளிக் காட்டிலிருந்து ஒரு விசில் பதிலுக்குக் கேட்கிறது. அதற்கும் மேலே இன்னொன்று. மலைச்சரிவு முழுக்க விசில் சத்தம். ஆள் ஒருவரும் வரவில்லை.

"அண்ணா, காப்பாத்துங்க!" என்று மனைவி அலறிய பிறகுதான் அவர் துடுப்புப் படகில் வந்து எங்களை ஏற்றிக்கொள்கிறார்.

கரையேறியதும் அவரைப் பிடித்துக்கொள்கிறேன். "எத்தனை தடவ ஊதினேன்! காதுல விழலையா உங்களுக்கு?"

"விழுந்துச்சுங்க. மரவள்ளிக் காட்டுல கொரங்கு எறங்கிருச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சனுங்க. இங்க கொரங்க முடுக்க ஆளாளுக்கு விசில்தானுங்க. ஒருத்தரு ஊதுனா எல்லாரும் ஊதுவாங்க."

ஜாக்கெட்டைக் கழற்றுகிறேன். அவர் என் ஜாக்கெட்டை வாங்கி உதறி, அடுத்துக் காத்திருக்கும் ஒரு சிறுமிக்கு மாட்டிவிடுகிறார். அது அவள் முழங்கால் வரை தொங்குகிறது.

"பயப்படாத கண்ணு. ஏதாச்சும் ஒண்ணுன்னா விசில ஊது, ஓடியாந்துர்றேன்."

மேட்டில் யாரோ விசில் ஊதுகிறார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.