கொடியேறின கிழமையில் அண்ணையின் மீன்

அண்ணை வேலை செய்த பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் அவருக்குப் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர், ஏரியில் பிடித்த பெரிய மீனொன்றைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிற படத்தைத் தன் மெஷினில் ஒட்டி வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஸ்காபரோவிலிருந்து ரெக்ஸ்டேலில் இருந்த அண்ணை வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது அதைப் பற்றிச் சொன்னார். சொல்லிவிட்டு, தலை நிமிராமல் சோற்றைக் குழைத்துக்கொண்டே, "எனக்கும் ஒருக்கா உப்பிடி நிக்கவேணும்போல கிடக்கு" என்றார்.

அண்ணியும் என் மனைவியும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எங்களையெல்லாம் கனடாவுக்கு எடுப்பித்தவர் அவர். பகலில் தொழிற்சாலை, பின்னேரத்தில் அலுவலகங்கள் துப்புரவாக்குகிற வேலை. தனக்கு இன்னது வேண்டும் என்று அவர் வாய் திறந்து நான் கேட்டது அதுதான் முதல்தடவை. அன்றைக்கு முருகன்தான் அவரைப் பேச வைத்தான் என்று இப்போதும் நம்புகிறேன்.

அண்ணி அந்தச் சொல்லைக் கீழே விழ விடவில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எதையும் விசாரிப்பதென்றால் ரெலிபோன்தான். அங்கே கேட்டு இங்கே கேட்டு, வடக்கே அரைநாள் ஓட்டத்தில் ஒரு ஏரிக்கரை லொட்ஜைப் பிடித்துவிட்டார். கரையோரம் மரவீடுகள், வீட்டுக்கு ஒரு படகு. ஓகஸ்ட்டில் ஒரு வாரம் தொழிற்சாலையை மூடுவார்கள், ஷட்டவுன் என்பார்கள். அண்ணைக்கு லீவென்று இருப்பது அது மட்டுந்தான். அந்தக் கிழமைக்கே வீடு கிடைத்தது.

அண்ணை ஒரு தூண்டில் தடி வாங்கி வந்து வீட்டு ஹோலில் நின்று வீசிப் பழகினார். தூண்டில் முள்ளுப் போய்த் திரைச்சீலையில் கொழுவிக்கொண்டது.

"முதல் மீன் பிடிச்சாச்சு," என்றார் அண்ணி. "வந்து கழட்டுங்கோ."

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. நுளம்பு கடிக்காமல் பூச மருந்து யோசித்தோம், மழைக்கோட்டு யோசித்தோம். போகிறதுக்குக் கொஞ்ச நாள் இருக்கையில் அண்ணை வீட்டுக் குசினியில் நின்ற என் மனைவி, தமிழ்க் கடைக் கலண்டரின் தாளைப் புரட்டிவிட்டு அண்ணையைப் பார்த்துக் கத்தினார்.

"ஐயோ அத்தான்! நாங்கள் போற கிழமை நல்லூர்க் கொடியெல்லோ ஏறியிருக்கும்!"

நல்லூர் முருகன் கோயிலில் கொடி ஏறினால் திருவிழா முடியும்வரை எங்கள் வீடுகளில் மச்சம் இல்லை. மீன், இறைச்சி, முட்டை ஒன்றும் உள்ளே வராது. சட்டி பானையைக்கூட மினுக்கிக் கழுவி, சைவத்துக்கு வேறாக வைப்போம். கொடி ஏறுவது யாழ்ப்பாணத்தில் என்றாலும் விரதம் ரொறொன்ரோவிலும் அதேதான். இத்தனை பேர் கூடி யோசித்தோம், முருகனை ஒருவரும் யோசிக்கவில்லை.

"அப்ப விடுங்கோ," என்றார் அண்ணை உடனேயே. "மீன் பிடிக்கிற இடத்தில போய்ப் பருப்புக்கறி தின்னேலுமே? சனம் சிரிக்கும்." தடியை எடுத்து அலுமாரிக்குப் பின்னால் வைத்தார். சிரித்துக்கொண்டுதான் வைத்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

அண்ணி அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தார்.

"சிரிக்கிற சனம் சிரிக்கட்டும். இஞ்சாருங்கோ, ஒண்டு கேக்கிறன். கையால தொட்டா மச்சமோ, வாயால திண்டா மச்சமோ?"

"வாயாலதான் அக்கா," என்றார் என் மனைவி.

எனக்கு மனம் கேட்கவில்லை. "அது சரி அண்ணி. ஆனா தூண்டில் முள்ளு மீன்ர வாயில ஏறுமெல்லோ. விரத நாளில ஒரு உயிரை வதைக்கலாமோ?"

"தம்பி கேக்கிறதும் ஞாயந்தான். அதுக்கும் வழி கேப்பம்." ரெலிபோனை எடுத்துவிட்டார்.

அண்ணியின் ஆங்கிலத்தில் நேற்றும் நாளையும் ஒன்றுதான். ஆனால் அவர் பேசி விளங்காமல் போனவர்களை நான் கண்டதில்லை. லொட்ஜ்காரப் பெண்ணிடம் நிமிர்ந்து நின்று சொன்னார்: நாங்கள் வருகிறோம், மீன் பிடிக்கிறோம், சாப்பிடுவதில்லை, கடவுளுக்கு விரதம். அப்படியென்றால் ஏன் வருகிறீர்கள் என்று அந்தப் பெண் கேட்டிருக்க வேண்டும். "என் கணவர் மீனோடு நிற்க வேண்டும். ஒரு படம்," என்றார் அண்ணி. அங்கே எழுந்த சிரிப்பு எங்களுக்கே கேட்டது.

அண்ணி ரெலிபோனை வைத்துவிட்டு வந்தார். "அங்க கனபேர் பிடிச்சிட்டுத் திருப்பித் தண்ணியில விடுறவையாம். முள்ளு நுனியில மீனைக் கழர விடாமல் பின்னுக்குப் பார்த்தபடி ஒரு சின்னக் கூர் இருக்காம். அதைக் குறட்டால நசுக்கித் தருவினமாம். மீன் பெருசா நோகாமல் வழுக்கிப் போகுமாம். தம்பி, இப்ப உமக்குச் சரியோ?"

வெள்ளிக்கிழமை கோயிலில் தேங்காய் உடைத்து முருகனிடமும் கேட்டேன். மனம் ஆறினது. ஆறாவிட்டாலும் அண்ணையின் முகத்துக்காக ஓம், சரி என்றுதான் சொல்லியிருப்பேன், அதையும் அவனிடமே சொன்னேன்.

லொட்ஜ் சட்டிகளில் மீன் வாடை இருக்கும் என்று அண்ணி வீட்டிலிருந்தே சட்டி, அகப்பை, ரைஸ் குக்கர் எல்லாம் கட்டினார். சாமிப் படத்தைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வான் வண்டியில் ஏறினார். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் கால் நீட்ட இடமில்லாமல் புளிச்சாதப் பெட்டிக்கு மேலே கால் வைத்து ஏச்சு வாங்கினார்கள்.

ஏரியில் முதல்நாள் காலை அண்ணை குளித்து, திருநீறு பூசி, அண்ணியோடு படகில் போனார். நாங்கள் கரையிலிருந்து ஏரிக்குள் நீட்டியிருந்த மரப் பாலத்தில் நின்றோம். அவர்கள் கரைக்குக் கிட்ட வந்தபோதுதான் தடி வளைந்தது. "முருகா!" என்று அண்ணை போட்ட சத்தத்தில் தண்ணீர்க் கோழிகள் எழும்பிப் பறந்தன. எங்கள் சீலா மீன் மாதிரி நீட்டு மூஞ்சியோடு ஒரு பெரிய மீன். முள்ளைக் கழட்டிவிட்டு இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார்.

"இஞ்ச பாருங்கோ! சிரியுங்கோ!" அண்ணி கமராவோடு தடுமாறினார்.

"வாயைத் திறந்து திறந்து மூடுதப்பா. பாவம்." சொன்னபடியே அண்ணை குனிந்து அதைத் தண்ணீரில் விட்டுவிட்டு நிமிர்ந்தார். அப்போதுதான் கமராப் பொத்தான் அமத்துப்பட்டது.

"என்னப்பா நீங்கள்! இவ்வளவு பாடுபட்டு... மீன் எங்க?"

"அது போயிட்டுது. நான் நிண்டனெல்லோ!"

கழுவி வந்த படத்தில் அண்ணை ஈரக் கைகளை அகல விரித்தபடி வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். கைகளுக்கு நடுவில் ஏரி மட்டுந்தான். ஷட்டவுன் முடிய அதைக் கொண்டுபோய்த் தன் மெஷினில் ஒட்டினார். மீனைக் காணவில்லையே என்று அந்த வெள்ளைக்காரர் கேட்டாராம்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" என்று நான் கேட்டேன்.

"அதுக்கும் லீவு முடிஞ்சுது, வேலைக்குப் போயிட்டுது எண்டனான்," என்றார் அண்ணை.