மூத்தவளின் உறுமல்

எங்கள் வீட்டு மூத்த நாயை உறுமவிடாமல் செய்தது நான்தான். வேறு யார்மேலும் பழி போட முடியாது. போட்டுப் பார்த்தேன். முதலில் புதிதாக வந்த நாயின்மேல், பிறகு என் வீட்டுக்காரர்மேல், கடைசியில் டெல்லிக் குளிரின்மேல்கூட. எதுவும் ஒட்டவில்லை.

ஆர்.கே.புரத்தில் தரைத்தளத்துக் குவார்ட்டர்ஸ் எங்களுடையது. அப்போது வீட்டில் இரண்டு நாய்கள். மூத்தவள் கறுப்பு நாட்டு நாய். குட்டியாக இருந்தபோது ஒரு மழைக்கு மாடிப்படியின் கீழே ஒதுங்கினாள், அப்படியே உள்ளே வந்துவிட்டாள். அடுத்தது ஒரு லேப்ரடார். மாற்றலாகிப் போன மேல்வீட்டுக்காரர் எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். அவனைத் தடியன் என்றுதான் கூப்பிடுவோம். சோறும் தூக்கமும் கிடைத்தால் போதும், உலகத்தில் யாரோடும் அவனுக்கு விரோதம் கிடையாது.

மூத்தவள் அப்படி இல்லை. அவளுக்கென்று ஓர் இடம் உண்டு. அடுக்களை வாசலுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் ஒரு பழைய பாய்த்துண்டு. தோசை வார்க்கும் நாளெல்லாம் நான் அவளைத் தாண்டித் தாண்டித்தான் நடக்க வேண்டும். தடியன் அந்தப் பாயில் கால் வைக்க வந்தால் அவள் தொண்டைக்குள் மெதுவாக ஓர் உறுமல் எழும்பும். அவன் வந்த வழியே திரும்பிவிடுவான். அத்தோடு விவகாரம் முடிந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு சண்டை கிடையாது.

தீபாவளி முடிந்து வந்த செவ்வாய்க்கிழமை, மலை மந்திரில் முருகனைக் கும்பிட்டுவிட்டுக் கீழே இறங்கினேன். ஆட்டோ நிற்கிற இடத்தில் ஒரு காருக்கு அடியில் செம்பட்டை நிறத்தில் ஒரு பெண் நாய் சுருண்டு கிடந்தது. கழுத்தைச் சுற்றிக் கயிறு அறுத்த புண். யாரோ கட்டிப்போட்டு வளர்த்து, வேண்டாம் என்று கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். வெடிச்சத்தத்தில் காருக்கு அடியில் போனது வெளியே வரவே இல்லையாம். தெருநாய்களுக்குச் சாப்பாடு வைக்கிற ஒரு காலேஜ் பெண் பிஸ்கட்டைக் காட்டிக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். நான் குனிந்து "வா, வா" என்றதும் அது ஊர்ந்து வெளியே வந்து என் சேலைக்கரையில் மூக்கை வைத்தது.

"ஆன்ட்டி, ஆப் ஹீ ரக் லீஜியே" என்றாள் அந்தப் பெண். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். கோயில் வாசலில் கிடைத்ததை எப்படி வேண்டாம் என்பது? முருகனே கொடுத்தான் என்று எனக்கு ஒரே பெருமை. பெருமைதான் முதல் கோளாறு.

அன்று சாயங்காலமே அந்தப் பெண் வாட்ஸ்அப்பில் நீளமாகப் பேசி அனுப்பியிருந்தாள். நாய்களை முதலில் வெளியே வைத்துப் பழக்குங்கள், வீட்டுக்குள் கொஞ்ச நாள் தனித்தனி அறையில் விடுங்கள், தட்டுகளைத் தள்ளித் தள்ளி வையுங்கள், பழைய நாய் உறுமினால் தயவுசெய்து திட்டாதீர்கள். பீன்ஸ் நறுக்கிக்கொண்டே பாதி கேட்டேன். "அச்சா பேட்டா, அச்சா" என்று பதில் போட்டேன். இந்தப் பெண் பிறக்கும் முன்னாலிருந்து வீட்டையும் பிள்ளைகளையும் கட்டி மேய்க்கிறேன், எனக்குச் சொல்லித்தர வந்துவிட்டாள் என்று மனதுக்குள் ஒரு இளக்காரம்.

நான் எப்படிப் பழக்கினேன் என்றால், எங்கள் திருநெல்வேலி வீட்டில் விருந்தாளியை எப்படி வைத்துக்கொள்வோமோ அப்படி. வாசலில் நிறுத்தி, ஒரு சொம்புத் தண்ணீரைத் தலையைச் சுற்றிக் கொட்டி, நேராக அடுக்களைக்குக் கூட்டிப்போனேன். முதல் தட்டு புதியவளுக்கு. வந்தவளுக்குத்தானே முதலில் போட வேண்டும்? மூத்தவள் தன் பாயிலிருந்து எழுந்து நின்றாள். தொண்டைக்குள் அந்த உறுமல் கேட்டது.

"ஏட்டி, வாய மூடு" என்றேன். "பாவம், புண்ணோட வந்து நிக்கா. நீதான மூத்தவ, விட்டுக்குடுத்தா கொறஞ்சா போயிருவ?"

அவள் மறுபடியும் உறுமினாள். கையிலிருந்த செய்தித்தாளைச் சுருட்டி அவள் மூக்கில் ஒரு தட்டு தட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்றைக்கும் என் கண்முன்னால் நிற்கிறது. அன்றைக்கு நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. உறுமினால் தட்டு. இன்னும் உறுமினால் பின்பக்கம், துணி காயப்போடுகிற முற்றத்தில் தள்ளிக் கதவைச் சாத்துவது. புதியவள் இரவில் நடுங்குகிறாள், அடுக்களைப் பக்கம்தான் கதகதப்பு என்று அந்தப் பாயையும் அவளுக்கே கொடுத்தேன். மூத்தவளுக்குச் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கு. குளிர் ஏற ஏற அவள் சத்தம் குறைந்துகொண்டே வந்து, ஒருநாள் நின்றே போனது. தன் தட்டில் புதியவள் வாய் வைத்தாலும் மூத்தவள் எழுந்து விலகிப் போவாள். உதட்டை நக்கிக்கொள்வாள், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள்.

எனக்கு வெற்றி. ஆபீஸில் சொன்னேன், அக்கம்பக்கத்தில் சொன்னேன். மூன்றும் ஒன்றாக ஹாலில் கிடப்பதை வீடியோ எடுத்து அந்தக் காலேஜ் பெண்ணுக்கும் அனுப்பினேன். அவள் உடனே பதில் போட்டாள். "ஆன்ட்டி, காலி வாலி குஷ் நஹீ ஹை." கறுப்பி சந்தோஷமாக இல்லையாம். சுள்ளென்று கோபம் வந்தது. அப்புறம் அவள் மெசேஜைத் திறப்பதையே விட்டுவிட்டேன்.

பொங்கலன்று காலை, வெளியே மூடுபனி, உள்ளே அடுப்பில் பொங்கலும் வடையும். ஒரு வடை கை தவறிக் கீழே விழுந்தது. மூத்தவளின் காலடியில்தான் விழுந்தது. புதியவள் பாய்ந்து வந்தாள். ஒரு சத்தம் இல்லை, ஒரு பல்லைக் காட்டவில்லை. மூத்தவள் அப்படியே அவள் காதைக் கவ்விவிட்டாள். புதியவள் அலறிய அலறல் தெருமுனை வரை கேட்டிருக்கும். பிரிக்கப் போன என் மணிக்கட்டிலும் பல் இறங்கியது. புதியவளின் காது நுனி கிழிந்து தொங்கியது. பொங்கல் அடிப்பிடித்துப் புகைந்தது. தடியன் கட்டிலுக்கடியில் போய்விட்டான்.

புதியவளுக்குத் தையலும் எனக்கு ஊசியும் போட்டுக்கொண்டு வீடு திரும்பியதும் வீட்டுக்காரர் சொன்னார்: "இங்க பாரு, சொல்லாம கொள்ளாம கடிக்கிற நாய இனி வீட்டுல வச்சுக்கிட முடியாது." சத்தர்பூர் பக்கம் ஒரு பண்ணை வீட்டில் பணம் கட்டினால் நாய்களை வைத்துக்கொள்வார்களாம். எதை அனுப்புவது என்று அவர் கேட்கவே இல்லை. நானும் கேட்கவில்லை. "புதுசு இன்னொரு தடவ வீடு மாறுனா செத்துப்போவும்" என்றேன். "மூத்தவதான, எங்க போனாலும் சமாளிச்சுக்கிடுவா."

என் வாயால் சொன்னேன் இதை. அவள் முற்றத்துக் கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தாள்.

எங்களிடம் கார் கிடையாது. பிள்ளைகளில் மூத்தது மகள், குர்கானில் வேலை பார்க்கிறாள், அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். அவளைக் காரோடு வரச் சொன்னேன். வழக்கமாகக் கூப்பிட்டால் மீட்டிங் இருக்கிறது, டெட்லைன் இருக்கிறது என்பாள். நாய் விஷயம் என்றதும் மறுநாளே வந்துவிட்டாள். டெல்லியில் பிறந்தவள், எங்கள் ஊர்ப் பேச்சு வராது. நேராக முற்றத்துக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து மூத்தவளின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"கடிக்கிறதுக்கு முன்னாடி உறுமலயா?"

"ஒரு சத்தம் இல்லட்டி. அதான் பயமா இருக்கு."

"இவ உறுமுவாளே. தடியனைப் பாத்தா உறுமுவாளே, அம்மா. அது எங்க போச்சு?"

சுருட்டின செய்தித்தாள் ஃப்ரிட்ஜின் மேலேயே கிடந்தது. மகள் அதைப் பார்த்தாள், பாயைப் பார்த்தாள், பாயில் கட்டுப்போட்ட காதோடு கிடந்த புதியவளைப் பார்த்தாள்.

"மூத்தவதான, விட்டுக்குடுன்னு சொன்னியா?"

கோபமாகக் கேட்கவில்லை. மழை வருமா என்று கேட்கிற மாதிரி கேட்டாள். அதுதான் என்னைக் கொன்றது.

இந்தக் குவார்ட்டர்ஸில் பிள்ளைகளுக்கென்று ஓர் அறைதான். அவள் தம்பி பத்தாவதுக்குப் படிக்கிறான் என்று அவளை ஹாலுக்கு மாற்றினேன். அவன் பன்னிரண்டாவது வந்தபோதும் ஹால்தான். அவளுடைய மேஜை, அவளுடைய ஜன்னல், எல்லாம் அவனுக்குப் போயின. முதல் தடவை அவள் அழுது சண்டை போட்டாள். இதே வார்த்தையைச் சொல்லித்தான் அடக்கினேன். அப்புறம் அவள் எதற்கும் சண்டை போட்டதில்லை. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டாள் என் பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். வேலை கிடைத்த அன்றைக்கே பெட்டியைக் கட்டினாள். மெட்ரோ இருக்கிறதே, இங்கிருந்தே போய் வரலாமே என்று நான் கேட்டபோது, "ஆபீஸ் டைமிங் சரிவராதும்மா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"நான் கூட்டிட்டுப் போகமாட்டேன்" என்றாள் இப்போது. "அனுப்பணும்னா நீங்களே ஆட்டோ பிடிச்சு அனுப்புங்க." சாப்பிடாமல் போய்விட்டாள்.

வீட்டுக்காரரிடம், அனுப்ப வேண்டாம், எனக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள் என்றேன். "இன்னொரு கடி விழுந்தா அப்புறம் பேச்சே கிடையாது" என்றார். சரி என்றேன். அந்தக் காலேஜ் பெண்ணின் பழைய மெசேஜை மறுபடி போட்டு, இந்தத் தடவை முழுதாகக் கேட்டேன்.

பாயை உதறி மூத்தவளுக்கே போட்டேன். புதியவளுக்குப் படுக்கையறை, வாசலில் குறுக்கே ஒரு மடக்கு மேஜை. முதல் தட்டு மூத்தவளுக்கு, அதுவும் அடுக்களைக்குள். காலையில் ஆபீசுக்கு முன்னால் நானும் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு நாயைப் பிடித்துக்கொண்டு சாலையின் இரண்டு ஓரத்திலும் நடந்தோம். பக்கத்துவீட்டு மாமி, சண்டையா உங்க ரெண்டு பேருக்கும் என்று கேட்டார். கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் குறைந்தது. புதியவளின் காது ஆறியது. ஆனால் நுனியில் வெட்டின மாதிரி ஒரு பொளி விழுந்துவிட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் கையெழுத்து அது என்று தோன்றும். அவள் மட்டும் இந்த வீட்டுக்குக் கேட்டா வந்தாள்?

மூத்தவள்தான் திரும்பி வரவில்லை. பாயில் படுத்தாள், தின்றாள், நடந்தாள். ஆனால் நான் அடுக்களைக்குள் வந்தால் எழுந்து வழி விட்டாள். முன்பெல்லாம் அசையமாட்டாளே, நான்தானே தாண்டிப் போவேன். "கெடட்டி, நீ கெட" என்று கெஞ்சுவேன். அவள் எழுந்து போய்ச் செருப்பு ஸ்டாண்டுப் பக்கம் நிற்பாள். தோசைக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்று அழுதிருக்கிறேன். உறுமித் தொலையேன் பாவி என்று வேண்டாத நாள் இல்லை. உறுமாத வரை, எந்த நேரம் பல் இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. இறங்கினால் அவளுக்கு இந்த வீடு இல்லை.

குளிர் போய், ஹோலிக்கு முந்தின வாரம், ஒரு சாயங்காலம். வெண்டைக்காய் வதக்கிக்கொண்டிருந்தேன். மடக்கு மேஜையைத் தள்ளிவிட்டுப் புதியவள் மெதுவாக அடுக்களைக்கு வந்துவிட்டாள். நான் பார்க்கும்போது ஒரு கால் பாயின் ஓரத்தில். கத்த வாயெடுத்தேன். மூத்தவள் எழுந்திருக்கவில்லை. மேலுதடு கொஞ்சம் தூக்கியது. தொண்டைக்குள்ளிருந்து, கரகரவென்று, பாதி மறந்துபோனது போல, ஓர் உறுமல்.

புதியவள் காலை எடுத்துக்கொண்டாள். திரும்பிப் போய்த் தடியன் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். அவ்வளவுதான் விவகாரம்.

"நல்லாச் சொன்னட்டி" என்றேன். அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பாயிலிருந்து எழவில்லை.

சந்தோஷம் தாங்கவில்லை. மகளுக்கு உடனே போன் செய்தேன். "உறுமிட்டாட்டி, உறுமிட்டா" என்றேன். அவளும் அந்தப் பக்கம் சந்தோஷமாகச் சிரித்தாள். அந்த உற்சாகத்திலேயே, "ஹோலி லீவுக்கு வாயேன். தம்பியும் ஹாஸ்டல்ல இருந்து கூட்டாளிகளோட வாரான். நீ ஹால்ல படுத்துக்கிடலாம்" என்றேன்.

மீட்டிங் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"மீட்டிங்லாம் இல்லம்மா" என்றாள். "எனக்கு அந்த ஹால்ல படுக்கப் பிடிக்கல. எப்பவுமே பிடிக்கல. நான் வரல."

நீதான மூத்தவ என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மூத்தவள் பாயில் படுத்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிட்டி" என்றேன்.