வெளுத்த முழங்கால்

தொழிற்சாலையில் அவளுக்கு ‘நகம்’ என்று பட்டப்பெயர். பதினெட்டு வருடமாகப் பாட்டில் மூடிகளின் விளிம்பில் கட்டைவிரல் நகத்தை ஓட்டுகிறாள். பிசிறு தட்டினால் தூக்கிப் போடுகிறாள். அடுத்த வரிசையில் இதே வேலையைச் செய்யும் ஆண்களின் கழுத்தில் ‘இன்ஸ்பெக்டர்’ என்று அட்டை தொங்கும். பெண்களுக்குப் ‘பொறுக்குறவங்க’ என்று பெயர். என்ன வித்தியாசம் என்று ஒருமுறை மேனேஜரிடமே கேட்டாள். ஒரு வாரம் மெஷின் துடைக்க வைத்தார்கள்.

வீட்டில் பீரோவின் மேல் அவளுடைய பதினேழு ரோபோ பொம்மைகள் நின்றன. லாரியாக மாறுவது, விமானமாக மாறுவது, கால் தொலைந்து மாறவே முடியாதது. எல்லாம் பழைய சாமான் கடையில் வாங்கியவை. ஒன்று கைக்கு வந்தால் முதலில் இணைப்புக் கோட்டில் நகம் ஓடும். பிறகு மூட்டை மடக்கிக் காதருகே வைத்துக் கேட்பாள். கடைசியில் ஒற்றைக் கையைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவாள். தோள் நழுவினால் அதன் கதை முடிந்தது.

அவளுடைய தீர்ப்புகள் கொழுந்தன் வாய்க்குப் போய்ச் சேர்ந்தன. முன்னறையில் உட்கார்ந்து ரோபோ வீடியோ போடுகிறவன் அவன். “தோளு இல்ல இது, வாழைப்பழம்” என்று அவள் சமையலறையில் சொன்னால், மறுநாள் அதையே கேமராவிடம் சொல்வான். நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். ‘என்னா நுணுக்கம் மாஸ்டர்!’ என்று எழுதினார்கள். வேலைக்குப் போகும் பஸ்ஸில் அவள் ஒன்று விடாமல் படித்து வயிறெரிந்தாள்.

அந்தச் சனிக்கிழமை, இன்னும் கடைக்கு வராத ரோபோ ஒன்றைக் கம்பெனியே அவனுக்கு அனுப்பியிருந்தது. பெரிய கிரேன், பன்னிரண்டு மடிப்பில் ஆளாக எழுந்து நிற்கும்.

“அண்ணி, ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க. நாளைக்கு லைவ்.”

“நான்தான் பாத்தேன்னு சொல்லுவியா?”

“ஐயோ அண்ணி, சிரிப்பாங்க. அடுப்படியிலருந்து ஆலோசனையான்னு.”

“ஏன், அடுப்படிச் சோத்த மட்டும் சிரிக்காம தின்றியே?”

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அவள் புருஷன், “விடேன், சின்னப் பையன்” என்றான்.

“முப்பத்திரெண்டு வயசு சின்னப் பையன்!”

ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை; வாங்கிப் பார்த்தாள். வலது முழங்காலில் ஆணி சாய்வாக இறங்கியிருந்தது. அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் மயிரிழை அளவுக்கு வெளுத்திருந்தது. அழுத்தி மடக்கினால் உடையும். ஆணியைக் கழற்றிக் கொஞ்சம் தேய்த்தால் போதும். சொல்ல வாயெடுத்தாள். ‘என்னா நுணுக்கம் மாஸ்டர்’ கண்முன் வந்து நின்றது.

“நல்லாருக்கு” என்று மேசையில் வைத்துவிட்டாள். ஒரு பழுதான மூடியைக்கூடத் தெரிந்து பெட்டிக்குள் விடாதவள்.

மறுநாள் பதினோரு மணிக்கு நேரலை தொடங்கியது. அவள் முன்னறை வாசற்படியிலேயே நின்றாள். பத்தாவது மடிப்பில் பட்டென்று சத்தம். கால் தனியாக அவன் கையில் இருந்தது. ஒரு நொடி அவளுக்கு இனித்தது.

அடுத்த நொடி திரையில் பாராட்டுகள் கொட்டின. ‘ஓசில குடுத்தும் ஒடைச்சுக் காட்டுறாரே!’ ‘நேர்மைன்னா இதான் மாஸ்டர்!’

கொழுந்தன் நிமிர்ந்து உட்கார்ந்தான். “எனக்கு நேத்தே சந்தேகம்ங்க. பாத்தவுடனே தெரிஞ்சுது.”

“என்ன தெரிஞ்சுது?” அவள் கேமராவுக்கு முன்னால் வந்துவிட்டிருந்தாள்.

“அண்ணி, லைவ் போயிட்டிருக்கு...”

“போகட்டும். எங்க, என்ன பாத்தன்னு சொல்லு.”

அவன் காலை இப்படியும் அப்படியும் திருப்பினான். அவள் அதைப் பிடுங்கி, வெளுத்த இடத்தைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தாள்.

“ஆணி சாஞ்சு எறங்கியிருக்கு. அதான் வெளுத்திருக்கு. இவன் பாக்கல, நான் பாத்தேன். பாத்துட்டு நல்லாருக்குன்னு பொய் சொன்னேன்.”

“ஏன் அண்ணி?”

“பொறாமைதான். நாலு வருஷமா பேச்சு என்னோடது, கைதட்டு ஒன்னோடது. ஆனா பழுதுன்னு தெரிஞ்சும் விட்டேன் பாரு, அது என் தப்பு.”

திரையில் பாராட்டுகள் நின்றன. பிறகு ஒரே ஒரு வரி வந்தது: ‘யாரு இவங்க?’

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“கேக்குறாங்கல்ல? சொல்லு.”

அவன் ஏதோ முணுமுணுத்தான்.

“சத்தமா.”