சிப்பிக்காரரின் மேல்தாடை

2012 புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கருங்கலில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் என் முறைக்குக் காத்திருந்தபோது அவரைப் பார்த்தேன். கடல்பாறைகளில் ஒட்டியிருக்கும் சிப்பியை முங்கி எடுக்கிறவர். உப்பேறிச் செம்பட்டையான தலை, அகன்ற மார்பு. ஒவ்வொரு முறை பேசுமுன்னும் மூச்சை நிறைய இழுத்துக்கொள்வார்.

அவருக்கு மேல்தாடையின் பின்பக்கம் பல் பதிக்க எலும்பு போதவில்லை. அதனால் அதற்கு மேலே மூக்கோடு சேர்ந்திருக்கும் காற்றறையான சைனஸின் அடிப்பகுதியை உயர்த்தி எலும்புத்தூள் நிரப்பியிருந்தார்கள். மூன்றாம் வாரமே மூக்கில் ரத்தத்தோடு தூளும் வந்துவிட்டது.

"மூக்கைச் சிந்தினீரா?" என்று டாக்டர் எல்லார் முன்னாலும் அதட்டினார்.

"இல்ல டாக்டரே, முங்கினேன். காது அடைச்சா மூக்கைப் பிடிச்சு ஊதுவோம்லா."

"அதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீங்க கேட்டியளா?"

சிகிச்சைக்குப் பின் என்னென்ன செய்யக் கூடாது என்று கொடுத்திருந்த அச்சுத்தாளைச் சிப்பிக்காரரிடம் வாங்கிப் படித்தேன். மூக்கைச் சிந்தக் கூடாது, விமானத்தில் போகக் கூடாது என்றிருந்தது. வளைகுடாவிலிருந்து விடுப்பில் வருகிறவர்களுக்காக எழுதிய தாள். கடல் இத்தனை பக்கத்தில் இருக்கிற ஊரில், கடலைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்குக் கொதித்தது.

"நான் எந்தப் பிளேன்ல போவ?" என்று அவர் சிரித்தார்.

மறுபடி செய்யலாம், ஆனால் ஆறு மாதம் முங்கக் கூடாது என்றார் டாக்டர். சிப்பிக்காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. அவர் மூச்சை இழுத்தார்.

"பல்லு வேண்டாம் டாக்டரே. மத்தப் பக்கம் வச்சு மென்னுக்கிடுதேன்."

கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார். அடுத்து வந்தவரிடம் டாக்டர் அதே தாளை நீட்டினார். சிப்பிக்காரருக்கு ஏன் கோபம் வரவில்லை என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.