பைசாந்தியத்துக்கு வாரிசு தேடிய வீடு

வயோதிபரைப் பராமரிக்கிற வேலையில் முதலில் போவது நாரி, இடுப்பு பிடித்துவிடும். இதே வேலை செய்கிற உங்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் இத்தாலியில், பலெர்மோவின் லிபெர்த்தா வீதியில் நான் பராமரித்தவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். பல்கலைக்கழகத்தில் பைசாந்தியப் பேரரசைப் பற்றிப் படிப்பித்தவர். கிரேக்கப் பாடத்துக்கு வாலாகக் கிடந்த அதைத் தனிப்பாடமாக்கவே அவருக்குப் பாதி ஆயுள் போயிருந்தது. அவர் விட்டு வந்த பேராசிரியர் கதிரை காலியாக இருந்தது. அதில் தன் மாணவி ரொசாலியாவை இருத்திவிட்டுத்தான் கண்ணை மூடுவது என்று இருந்தார்.

ஒட்டிய பெயர்

இலங்கை ஆள் என்றாலே சந்தையில் எல்லோரும் சிங்களவன் என்கிறார்கள், நான் தமிழன் என்று ஒருநாள் அவருக்குச் சவரம் செய்யும்போது முறையிட்டேன். நுரைக்குள்ளிருந்து சிரித்தார். அவர் ஆராய்ந்த சனங்கள் கடைசிவரை தங்களை ரோமர் என்றுதான் சொன்னார்களாம். பைசாந்தியர் என்பது பின்னால் வந்த படிப்பாளிகள் ஒட்டிய பெயராம்.

"அவையளுக்காகக் கேக்க ஆளில்லை. நீ உயிரோடை இருக்கிறாய், போய்ச் சண்டை பிடி" என்றார்.

மூன்று கோப்பி

கதிரையை எந்தப் பிரிவு எடுப்பது என்று கதைக்க மூன்று பேராசிரியர்களை வீட்டுக்கு அழைத்தார். கிரேக்கம் படிப்பிப்பவர், இது வரலாறு என்றார். வரலாற்றுக்காரர், மிஞ்சியிருப்பது மொசைக் படங்கள்தானே, கலைப் பிரிவு எடுக்கட்டும் என்றார். கலைப் பிரிவு அம்மையார், கிரேக்கம் தெரியாமல் எப்படி என்று கையை விரித்தார். நான் போட்ட கோப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

கிழவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "நான் இளந்தாரியா இருக்கேக்கையும் இதே கதைதான். அப்ப கோப்பி நல்லாயிருந்தது."

கோப்பை

ரொசாலியா பல்கலைக்கழகத்தில் சம்பளமில்லாமல் வகுப்பெடுத்தாள். ஞாயிறுகளில் கிழவரிடம் வந்து வாசித்துக் காட்டுவாள். மற்ற நாட்களில் பின்னேரம் ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரையில் தமையனுடைய மீன் சாப்பாட்டுக் கடையில் பரிமாறுவாள். அங்கே சாப்பிட்ட கோப்பை கழுவிய மன்னார் அந்தோனி, கோயிலில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணை, அந்தப் பிள்ளை கிரேக்கமெல்லாம் படிச்சதாமே. படிச்சுப்போட்டுக் கோப்பை தூக்கிறது எங்கடை ஆக்கள் மட்டும் எண்டெல்லோ நான் நினைச்சன்."

கதிரை

ஒரு ஞாயிறு ரொசாலியா புத்தகம் கொண்டுவரவில்லை. பீடம் முடிவெடுத்துவிட்டது, கதிரை சுற்றுலாத்துறைப் படிப்புக்குப் போகிறது என்றாள். நான் கிழவரின் தலையணையை உயர்த்திக்கொண்டிருந்தேன். அவர் கோபப்படுவார் என்று பார்த்தேன். கையை நீட்டி அவள் சட்டையிலிருந்த ஒரு நூலை எடுத்துப் போட்டார்.

"இனி ஞாயிறிலை இஞ்சை வராதை, பிள்ளை. கடையிலை நில். அண்டைக்குத்தான் சனம் வரும்."

அன்றும் வழக்கமான நேரத்துக்கே அவருக்குச் சூப் பருக்கினேன். எங்கள் வேலையில் பேரரசு விழுந்தாலும் சூப் ஆறக்கூடாது.