எய்னாரின் சட்டை, வைனோவின் முதுகு

மான் வேட்டைக்கு என்ன உடுத்திக்கொண்டு போக வேண்டும் என்று எங்கள் ஊரில் கேட்டால் ஆளுக்கொரு உபதேசம் கிடைக்கும். கடையில் புதுசாக வாங்க வக்கிருப்பவனின் உபதேசம்தான் இருப்பதிலேயே நீளம். வைனோ ஹௌதலா யாருக்கும் உபதேசம் செய்ததில்லை. அக்டோபர் மாதம் சர்ச்சுக்குக் கீழ் அறையில் நான் பழந்துணி விற்கிற மேசைக்கு வருவான், பேசாமல் வேலையைத் தொடங்குவான்.

முதலில் மூக்கு. சோப்பு வாசனையோ பாச்சை உருண்டை வாசனையோ அடித்தால் துணி கீழே போய்விடும். மானுக்கு அது தண்டோரா போட்டுச் சொன்ன மாதிரி. அடுத்து காது. துணியைக் காதோரம் வைத்துக் கசக்குவான், சரசரத்தால் வேண்டாம். கடைசியில் விரல். கம்பளி என்றால் முகம் மலரும், பருத்தி என்றால் சுளிக்கும். "பருத்தி நனைஞ்சா பொணத்துக்குத்தான் லாயக்கு, எல்வி" என்பான். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன். அன்றைக்கும் அவன் மேல் யாரோ ஒருவனின் பழைய சட்டைதான்.

மரம் அறுக்கும் ஆலையில் பலகை அடுக்கி அடுக்கியே அவனுக்குத் தோள் சாய்ந்துவிட்டது. வேட்டைக்குத் தனியாகத்தான் போவான், ரயில் பாதைக்குப் பின்னால் இருக்கும் புதருக்கு. ஆனால் ஆசையெல்லாம் ஓர்வோவின் கேம்ப் மேல். காட்டுக்குள் மரக்கட்டையால் கட்டிய ஒரே ஒரு அறை, ஒரு அடுப்பு, ஆறு படுக்கைகள். ஓர்வோ ஆலையில் மேஸ்திரி. அந்த ஆறு படுக்கையில் ஒன்று இருந்தால் ஊரில் ஒருவன் மனிதன். இல்லாவிட்டால் பலகை அடுக்குகிறவன், அவ்வளவுதான். அங்கே படுக்கை காலியாவது யாராவது செத்தால்தான். அந்த வசந்தத்தில் ஓர்வோவின் தம்பி எய்னார் மாரடைப்பில் போனான்.

என் வீட்டுக்காரர் ஆர்னேவும் அந்த ஆறில் ஒருவர். வைனோவைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று அவர்தான் ஓர்வோவிடம் கேட்டார்.

"வரட்டுமே. வெறகு பொளக்க ஒரு ஆளு வேணுமில்ல" என்றானாம் ஓர்வோ.

வைனோ சொர்க்கத்துக்கே சீட்டுக் கிடைத்தவன் போல என் மேசைக்கு வந்தான். அந்த வருஷம்தான் ஆரஞ்சு நிறம் மேலே தெரியாமல் வேட்டைக்குப் போகக் கூடாது என்று சட்டம் வந்திருந்தது. ஊரே பழைய சிவப்புக் கம்பளியைக் கொண்டு வந்து என் மேசையில் கொட்டியிருந்தது. ஒரு காகிதப் பையில் எவ்வளவு திணித்தாலும் ஒரு டாலர். மற்றவர்கள் பை கிழியக் கிழியத் திணித்தார்கள். வைனோ ஒரே ஒரு சட்டையை எடுத்தான். சிவப்பும் கறுப்பும் கட்டம் போட்டது, போர்வை கனம். அதை வைத்ததுமே பை நிறைந்துவிட்டது.

"அது எய்னாரோடது" என்றேன். "அவன் பொண்டாட்டி கொண்டாந்து போட்டுட்டுப் போனா."

"தெரியும். வால் பக்கம் ஒட்டுப் போட்டிருக்கு பாரு."

"வேற எடுத்துக்கடா. ஓர்வோ மொகத்துல முழிக்கணுமில்ல?"

"எய்னாருக்கு இனிமே குளிராது. எனக்குக் குளிரும்" என்று சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னான்: "அவன் படுக்கையில படுக்கப் போறேன். அவன் சட்டையில போனா ஒரு மரியாதையா இருக்கும் எல்வி. ஓர்வோவுக்கும் தம்பியப் பாத்த மாதிரி இருக்கும்."

வெகுளி என்று சொல்வார்களே, அது இவன்தான். அதற்கு மேல் போட்டுக்கொள்ள மெல்லிய ஆரஞ்சு மேலங்கி ஒன்றை வாங்கிக்கொண்டான். கோட்டுக்குக் காசில்லை. அந்தச் சட்டைதான் அவனுக்குக் கோட்டு.

கேம்பில் நடந்ததை ஆர்னே பிறகு என்னிடம் சொன்னார். குடித்துவிட்டுத்தான் சொன்னார், குடிக்காமல் சொல்லத் துணிவில்லை. வைனோ கதவைத் திறந்து உள்ளே வந்தான். ஓர்வோ சட்டையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். சுவரில் வரிசையாகத் துணித் துண்டுகளை ஆணி அடித்து வைத்திருப்பார்கள். மானைச் சுட்டுக் குறி தப்பினவனின் சட்டையின் பின்பக்கத் தொங்கலை அறுத்து, பேரும் வருஷமும் எழுதி அடித்துவிடுவது அந்தக் கேம்ப் வழக்கம். அதற்குத்தான் வால் அறுப்பது என்று பெயர். அங்கே எய்னாரின் பேரோடு சிவப்பும் கறுப்பும் கட்டம் போட்ட துண்டு ஒன்று தொங்கியது. அதன் மீதி வைனோவின் முதுகில் வந்து நின்றது.

"வாலு இங்க இருக்கு, ஒடம்பு நடந்து வருதே" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். ஓர்வோ சிரிக்கவில்லை.

விவரம் தெரிந்தவன் எவனும் கேம்புக்கு நல்ல சட்டையில் போக மாட்டான். கந்தலை உள்ளே மாட்டிக்கொண்டு போவான், போனால் கந்தல் போகட்டும் என்று. தனியாக வேட்டையாடியே பழகிய வைனோவுக்கு அது உறைக்கவில்லை. முதல் நாள் காலையில் கொம்பு மான் ஒன்று அவன் முன்னால் வந்தது. சுட்டான். தப்பியது.

அன்று சாயங்காலம் ஓர்வோ தோலுரிக்கிற கத்தியோடு எழுந்தான். வைனோ சிரித்துக்கொண்டே திரும்பி நின்று குனிந்தானாம். தன்னையும் ஒரு ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள் என்ற பூரிப்பு.

"இந்தச் சட்டையோட வால என் தம்பி ஏற்கெனவே குடுத்துட்டான்" என்றான் ஓர்வோ. "அதுல தச்சு வச்சிருக்கிற ஒட்டு எனக்கு எதுக்கு?"

கத்தியைக் கழுத்துப் பட்டைக்குக் கீழே வைத்தான். தோளுக்குத் தோள் கிழித்து, அப்படியே இடுப்பு வரை இறக்கினான். முதுகுத் துணி முழுசாக அவன் கையோடு வந்துவிட்டது. எய்னாரின் துண்டுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து வைனோவின் பேரை எழுதினான். கைதட்டினார்கள்.

"நீங்களும் தட்டினீங்களா?" என்று கேட்டேன். ஆர்னே இன்னொரு கோப்பை ஊற்றிக்கொண்டார்.

மறுநாள் விடியும்போதே பனியும் மழையும் கலந்து கொட்டியது. வைனோ உருளைக்கிழங்குக் கோணியை அறுத்து முதுகில் வைத்து, மேலே ஆரஞ்சு மேலங்கியை மாட்டிக்கொண்டான். சதுப்பு நிலத்தோரம் காற்று அறைகிற இடத்தில் அவனை உட்கார வைத்து, "நான் வந்து கூப்புடற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது" என்றான் ஓர்வோ. இடத்தை விட்டு எழுந்து வந்து வேட்டையைக் கெடுக்கிறவனுக்கு அடுத்த வருஷம் படுக்கை கிடையாது. அது வைனோவுக்குத் தெரியும்.

மத்தியானத்துக்கு முன்பே ஓர்வோ பெரிய கொம்பு மான் ஒன்றை வீழ்த்திவிட்டான். அதை வண்டியில் ஏற்றி ஊருக்குக் கொண்டு வந்து, மதுக்கடை வாசலில் எல்லோரும் பார்க்கத் தொங்கவிட்டார்கள். நான் கறியும் கிழங்கும் அடைத்த பாஸ்டி ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு அங்கே போனேன். உள்ளே ஐந்து பேர் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"வைனோ எங்க?" என்றேன்.

"ஒக்காந்திருக்கான்" என்றான் ஓர்வோ.

"இந்த மழையிலயா?"

"நான் போயிக் கூப்புட்டாத்தான் எந்திரிப்பான். என் நாய்கூட இவ்வளவு சொன்ன பேச்சு கேக்காது, எல்வி." சிரிப்பில் கடை அதிர்ந்தது.

"எந்திரிங்கடா! போய்க் கூட்டிட்டு வாங்க!" என்று கத்தினேன்.

"என்னம்மா, அவன் பொண்டாட்டி மாதிரி குதிக்கிற?" என்றான் ஒருவன். ஆர்னே கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த பாஸ்டிக் கூடையைத் தரையில் ஓங்கி அடித்தேன். அப்புறம்தான் எழுந்தார்கள், அதுவும் கோப்பையைக் காலி செய்துவிட்டு.

வைனோ தேவதாரு மரத்தில் சாய்ந்து, துப்பாக்கியை மடியில் வைத்து, உட்கார வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தான். கோணி விறைத்து மரத்தோடு ஒட்டியிருந்தது. ஓர்வோ வந்து கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

அவன் மனைவி சைமி அழவில்லை. அழுதிருந்தால் எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும். அந்தச் சட்டையையே போட்டு அடக்கம் செய்யச் சொன்னாள். பிணத்துக்குச் சட்டை மாட்டுகிறவன் அதை வாங்கிப் பிரித்துப் பார்த்தான். விறைத்த கை சட்டைக்குள் நுழையாது, அதனால் முதுகுப் பக்கம் கிழித்துத்தான் மாட்டுவார்கள்.

"இத நான் கிழிக்கவே வேணாமே" என்றான் அந்த மனிதன். வேலை மிச்சமான திருப்தியில் சொன்னான், கெட்ட எண்ணம் இல்லை.

பெட்டிக்குள் படுத்திருந்த வைனோ வாழ்க்கையில் முதல்முறையாகக் குறையில்லாத சட்டை போட்டவன் போல இருந்தான். முன்பக்கம் பொத்தான் ஒன்றுகூடப் போகவில்லை. ஓர்வோ வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். சைமி அவனருகே போனாள்.

"அவர் முதுகுத் துணி உங்க கேம்ப்ல இருக்காம். மண்ணுக்குள்ள குளிரும். கொண்டாந்து குடுங்க, அடியில விரிச்சு விடறேன்."

ஓர்வோ கொஞ்ச நேரம் யோசித்தான். யோசித்தான் என்பதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

"சொவத்துல அடிச்சது அடிச்சதுதாம்மா. கேம்ப் வழக்கம்" என்றான்.

பக்கத்தில் நின்ற ஆர்னே ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

அடுத்த நவம்பரில் ஆர்னே கேம்புக்குக் கிளம்பும்போது அலமாரியைத் திறந்தார். அவருடைய கம்பளிச் சட்டைகள் ஒழுங்காக மாட்டியபடி இருந்தன, பொத்தானெல்லாம் போட்டு. ஒன்றை எடுத்துத் திருப்பினார். இன்னொன்றை எடுத்துத் திருப்பினார். ஒன்றுக்கும் முதுகு இல்லை.

"போயிட்டு வாங்க" என்றேன். "ஓர்வோ கூப்புடற வரைக்கும் எந்திரிக்காதீங்க."