கரையில் நின்ற காதர் பாய்

கைபேசித் திரையில் 'காதர் பாய்' என்று பெயர் வந்தது. விடுப்பில் இருப்பவர் காலையிலேயே அழைக்கிறாரே என்று எடுத்து, "சொல்லுங்க பாய்" என்றேன். மறுமுனையில் ஒரு பெண்குரல். "சார், நான் அவங்க மக நஸீமா பேசுறேன். அத்தா மவுத்தாயிட்டாங்க."

எனக்குப் புரியவில்லை. "பாய்கிட்ட குடுங்கம்மா" என்றேன்.

அவர், "அத்தாதான் சார் இறந்துட்டாங்க. டீ குடிச்சிட்டிருந்தாங்க. நெஞ்சப் புடிச்சிட்டுச் சாஞ்சவங்கதான்" என்றார்.

வெளியே எங்கள் வீரர்கள் பயிற்சி முடிந்து குழாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ சிரித்தார்கள். அவர்களிடம் என்ன சொல்வது, எதில் தொடங்குவது என்று தெரியாமல் அறைக்கும் வாசலுக்கும் நடுவே நின்றேன். இதை எழுதும்போதும் ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருக்கிறேன்.

அப்துல் காதர் அவர்கள் அய்யம்பேட்டைக்காரர். கொள்ளிடக் கரைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் தீயணைப்பு நிலையத்தின் மூத்த ஓட்டுநர். நான் அங்கே நிலைய அலுவலர். தீயணைப்பு நிலையம் என்றதும் எல்லோருக்கும் நெருப்பு நினைவுக்கு வரும். எங்கள் பக்கத்தில் வைக்கோல் போர் எரியும், கூரை எரியும். ஆனால் எங்களை உருக்குலைப்பது தண்ணீர்தான். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் குளிக்கப் போனவர்கள் சுழலில் சிக்குவார்கள். நாங்கள் போய்ச் சேரும்போது பெரும்பாலும் தேடி எடுக்க மட்டுமே முடியும்.

நான் பொறுப்பேற்ற முதல் வாரம். என் அறைக்குள் வந்த காதர் பாய், வந்த வேகத்திலேயே வெளியே ஓடினார். சுவரில் பல்லி. ஆறடி உயரம், எரியும் வைக்கோல் போரை ஒட்டி வண்டியை நிறுத்தத் தயங்காத மனிதர். நிலையமே சிரித்தது. "சிரிங்க, சிரிங்க. பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லிடணும் சார். அதுல என்ன இருக்கு?" என்றார். வேடிக்கையான ஆள் என்று அவரைப் பற்றி முடிவு செய்துகொண்டேன்.

அந்த ஆடி மாதத்தில் ஒரு சிறுமியைத் தேடிப் போனோம். வீரர்கள் ஆற்றில் இறங்கினார்கள். ஓட்டுநருக்கு அங்கே வேலை கிடையாது. வண்டியோடு இருக்க வேண்டும். காதர் பாய் வண்டியைப் பூட்டிவிட்டு, தண்ணீருக்குள் பாயப் பார்த்த சிறுமியின் தகப்பனாரை இடுப்போடு கட்டிப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றார். அந்த மனிதர் அவர் தோளில் குத்தினார், சட்டையைக் கிழித்தார். பிடி தளரவில்லை. மாலையில் செல்வம் என்ற வீரர் சிறுமியின் உடலோடு கரையேறினார்.

திரும்பும் வழியில், கரும்புக் கொல்லை ஓரமாக வண்டி நின்றது.

"என்ன பாய், பிரேக் டவுனா?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல சார். கொஞ்சம் எறங்குங்க எல்லாரும்."

பணி முடிந்தால் வண்டி உடனே நிலையம் திரும்ப வேண்டும் என்பது விதி. எனக்குக் கோபம் வந்தது. அவர் அமைதியாகச் சொன்னார்: "கண்ட்ரோல் ரூமுக்கு மைக்ல சொல்லிடுங்க சார். வண்டி ரெடியா இருக்கு, கூப்பிட்டா இங்கேருந்தே போயிடுவோம்னு. மறைக்க வேணாம்." பிறகு வீரர்களைப் பார்த்து, "மனசுல என்ன கெடக்குதோ, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கப்பா. வீட்டுக்குத் தூக்கிட்டுப் போற சாமானா இது?" என்றார்.

ஒருவர் செருப்பால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தார். கடைசியில் செல்வம் சொன்னார்: "கையில மருதாணி வச்சிருந்துச்சு பாய்."

அவ்வளவுதான். காதர் பாய் செல்வத்தின் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றார். எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு கரும்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அது வழக்கமாயிற்று. இதனால் நல்லது நடக்கிறதா, கெட்டது நடக்கிறதா என்று எனக்குக் குழப்பம்தான். சிலர் அழுதார்கள். சிலர் எரிச்சல்பட்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை அவர் வற்புறுத்தியதே இல்லை.

அடுத்த ஆண்டு செல்வம் ஆற்றில் இறங்க மறுத்தார். இடுப்பில் கயிறு கட்டியாகிவிட்டது. மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வேறொருவரை இறக்கிச் சமாளித்தோம். கரையில் கூடியிருந்தவர்கள் திட்டினார்கள். நிலையத்தில் சிலர், "சம்பளம் வாங்கத் தெரியுதுல்ல" என்று காதுபடப் பேசினார்கள். விளக்கம் கேட்டு மெமோ கொடுக்க வேண்டும். நான் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தேன். காதர் பாய் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"கால் ஒடஞ்சு உக்காந்திருந்தா மெமோ குடுப்பீங்களா சார்?"

"கால்னா எக்ஸ்ரேல தெரியும் பாய்."

"அப்ப இதுக்கு எக்ஸ்ரே எடுக்குற எடத்துக்கு நான் கூட்டிட்டுப் போறேன். லீவு மட்டும் குடுங்க. அவன் பொண்டாட்டி என்கிட்ட அழுவுது சார். சொந்தப் புள்ளயக் குளிப்பாட்ட மாட்டேங்குறானாம். தண்ணி ஊத்துனா கை நடுங்குதாம்."

மெமோ எழுதப்படவில்லை. காதர் பாய் தம் ஓய்வு நாட்களில் செல்வத்தைத் தஞ்சாவூருக்கு, மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார். செல்வத்துக்கு வெட்கம். "யாராச்சும் பாத்தா பைத்தியம்னு நெனப்பாங்க பாய்" என்பாராம். "நானும்தானே பக்கத்துல உக்காந்திருக்கேன்? ரெண்டு பைத்தியம்னு நெனச்சுக்கட்டும்" என்பாராம் இவர். திரும்பி வந்த செல்வத்துக்குக் கொஞ்ச காலம் ஆற்றில் இறங்காமல், வண்டியின் பம்ப் அருகில் வேலை கொடுத்தோம். கேலி செய்தவர்களிடம், "ஒரு நாள் நீயும் உக்காருவ. அன்னைக்கும் நான்தான் வருவேன்" என்று காதர் பாய் சிரித்துக்கொண்டே சொன்னார். மறு ஆண்டு, யாரும் கேட்காமலேயே, செல்வம் கயிற்றைக் கட்டிக்கொண்டார். நீரோடு போய்க்கொண்டிருந்த ஒரு கல்லூரி மாணவரை உயிரோடு கொண்டுவந்தார். கரையிலிருந்த காதர் பாய் குதித்த குதியில் தொப்பி எங்கோ போய் விழுந்தது.

இதுவரை எல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரியும். இதற்குப் பிறகுதான் தெரியவில்லை.

அடக்கத்துக்காக அய்யம்பேட்டை போனபோது, நஸீமா வாசற்படியில் நின்று கேட்டார்: "அத்தா ஸ்டேஷன்ல எப்படி சார் இருப்பாங்க? வீட்ல சிரிச்சுக்கிட்டே இருப்பாங்க. வேலையப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்ல. எங்க அத்தா மாதிரி சந்தோஷமான ஆளே கெடையாது சார்."

"ஸ்டேஷன்லயும் அப்படித்தாம்மா" என்றேன்.

பக்கத்தில் நின்ற செல்வம் என்னைத் தெருமுனைக்கு அழைத்துப் போனார். முகம் வீங்கியிருந்தது.

"சார், ஒண்ணு சொல்லணும். தஞ்சாவூர் போறப்பல்லாம் பாய் ரெண்டு டோக்கன் போடுவாரு. எனக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணு. நான் வெளிய வந்ததும் அவரு உள்ள போவாரு. என் கூச்சம் போறதுக்காகப் பண்றாருன்னு நெனச்சிட்டிருந்தேன். ஆனா சார், எனக்கு மாத்திரைய நிறுத்துனதுக்கு அப்புறமும் அவரு போயிட்டுத்தான் இருந்தாரு. போன மாசம்கூடப் போனாரு."

"எதுக்குன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன் சார். 'நீங்கள்லாம் தண்ணிக்குள்ள எறங்குறீங்க, நான் கரையில நிக்கிறேன்'ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. அதுக்கு என்ன சார் அர்த்தம்?"

கரும்புக் கொல்லை ஓரம் எத்தனையோ முறை நின்றிருக்கிறோம். அங்கே காதர் பாய் தமக்காக என்ன சொன்னார் என்று நினைவுபடுத்திப் பார்க்கிறேன். ஒன்றுகூட வரவில்லை. ஆற்றுக்குள் ஓடப் பார்த்த தகப்பன்களையும் தாய்களையும் இத்தனை ஆண்டுகள் தம் உடம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர். அந்தச் சத்தமெல்லாம் அவருடைய காதுக்குப் பக்கத்தில்தான் கேட்டிருக்கும். அதை மருத்துவரிடம் இறக்கி வைத்தாரா? வைக்க முடிந்ததா? அந்தச் சிரிப்பு நலமாக இருந்தவரின் சிரிப்பா, நலமாகிக்கொண்டிருந்தவரின் சிரிப்பா? இருதயம் நின்றதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? மருத்துவர் சொல்லமாட்டார், சொல்லவும் கூடாது. பாய் முறையாகச் சிகிச்சைக்குப் போனார் என்பதே ஆறுதல் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. மறு நேரம் ஒன்றும் தோன்றவில்லை.

தொழுகை முடிந்து உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கியபோது, முன்புறம் தோள் கொடுக்கச் செல்வத்துக்கு இடம் விட்டார்கள். அடக்கம் செய்யும் மையவாடியில் சீருடையோடு வரிசையாக நின்றோம். சல்யூட் அடிப்பதா, கை கட்டி நிற்பதா என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. காதர் பாயின் மருமகன், "மண்ணு போடுங்க சார்" என்று மெல்லச் சொன்னார். போட்டோம்.

அப்போது மையவாடியை ஒட்டிய வாய்க்காலில் தொப்பென்று ஒரு சத்தம். புதுத் தண்ணீர் வந்திருந்தது. பிள்ளைகள் மதகிலிருந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். கையில் அடுத்த பிடி மண்ணோடு நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பினோம். நுரைக்குள்ளிருந்து ஒவ்வொரு தலையாக மேலே வரும்வரை பார்த்துக்கொண்டே நின்றோம். எல்லாத் தலையும் வந்தது. யாரோ பெருமூச்சு விட்டார்கள். மறுபடி குழியின் பக்கம் திரும்பியபோது மற்றவர்கள் அதைப் பாதி மூடியிருந்தார்கள்.

போய் வாருங்கள், பாய். நீங்கள் நன்றாக இருந்தீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. நன்றாக இருந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.